ப்ரீபில்ட் வாங்கினவனைப் பார்த்துச் சிரிக்காதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை நம் மதுரை கேமிங் குரூப்பில், புதிதாக வாங்கிய ப்ரீபில்ட் பிசியின் படத்தைப் போட்டு உதவி கேட்ட அந்தத் திருமங்கலம் தம்பியை என்ன பாடு படுத்தினீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மறுபடி விவரிக்க எனக்கு மனசில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ப்ரீபில்ட் பிசி, அதாவது முழுசாகக் கோர்த்தே விற்கும் கம்ப்யூட்டர், வாங்குவது முட்டாள்தனம் இல்லை. எவ்வளவு காசுக்கு, உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

அவன் கேட்டது ஜிடிஏ ஃபைவ் கேம் ஏன் திக்கித் திக்கி ஓடுகிறது என்று. கிடைத்த பதில், “காசைக் கரியாக்கிட்டியேப்பா.” அவன் போட்ட படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் போதும். மானிட்டர் கேபிள், பாகங்களை எல்லாம் இணைக்கும் பலகையான மதர்போர்டில் செருகியிருந்தது. கீழே, கேமின் படத்தை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்டின் போர்ட்டுகளில் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகூட எடுக்காமல் இருந்தது. அந்தக் கார்டுக்கு வேலையே கொடுக்கவில்லை. கேபிளை மாற்றச் சொன்னேன். ஓடுகிறது. அத்தனை பேர் சிரித்தீர்களே, ஒருவர் கண்ணிலும் இது படவில்லையா?

சரி, பட்ஜெட் பேசுவோம். இருபதாயிரத்துக்குள் “ஐ5 கேமிங் பிசி, 16 ஜிபி ராம்” என்று ஆன்லைனில் வருகிறதே, அதைத் தொடவே தொடாதீர்கள். பலவற்றின் உள்ளே இருப்பது 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், கூடவே 2014-இல் வந்த ஜிடி 730 கிராபிக்ஸ் கார்டு. இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே, ஓரிரண்டு ஏழாம் தலைமுறைச் சிப்புகள் தவிர, விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாக இடமில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. இந்த விலையில் நான் உங்களைவிடக் கடுமையாகவே பேசுவேன்.

நாற்பதாயிரம் பக்கம் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கும் ரைசன் 5 5600ஜி போன்ற பிராசசர் நல்ல தொடக்கம். வேலொரண்ட் மாதிரி கேம் தாராளமாக ஓடும். ஆனால் ராம் ஒரே குச்சியாக 16 ஜிபி போட்டிருந்தால் வாங்காதீர்கள், 8 ஜிபி இரண்டாகப் போடச் சொல்லுங்கள். இரண்டு குச்சி என்றால் ராம் வேகம் கூடும், இந்தச் சிப்பின் கிராபிக்ஸ் அந்த ராமையே நம்பி இருப்பதால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

அறுபது, எழுபதாயிரத்தில்தான் மோசடிக்கு நிகரான வேலை நடக்கிறது. கிராபிக்ஸ் கார்டு “ஆர்டிஎக்ஸ் 3050” என்று மட்டும் எழுதியிருப்பார்கள். 2022-இல் வந்த 8 ஜிபி கார்டும் 3050தான், 2024-இல் வந்த 6 ஜிபி கார்டும் 3050தான். இரண்டாவதில் கணக்குப் போடும் கோர் 2560-லிருந்து 2304 ஆகக் குறைந்தது, மெமரிக்குப் போகும் பாதையான பஸ் 128 பிட்டிலிருந்து 96 ஆகச் சுருங்கியது. பெயர் மட்டும் அப்படியே இருக்கிறது. திருமங்கலம் தம்பிக்கு வந்தது இரண்டாவது. கோபப்பட வேண்டியது யார்மேல்? பெயரைப் பார்த்து நம்பி வாங்கியவன் மேலா?

லட்சத்தை ஒட்டினால் ஆர்டிஎக்ஸ் 4060, 5060 கார்டுகள் வரும். அங்கே கார்டைவிட, கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எந்த மாடல், கேபினெட் முன்பக்கம் காற்று போகிறதா என்று பாருங்கள். முன்னால் முழுக்கக் கண்ணாடி வைத்து அடைத்த கேபினெட் நம் ஊர் சித்திரை வெயிலுக்கு ஆகாது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் போனால் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அசெம்பிள் செய்யுங்கள், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை.

“அசெம்பிள் பண்ணினா எப்பவும் மிச்சம்தானே” என்பீர்கள். பல நேரம் மிச்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் காட்டுவது 2025 கடைசியில் ராம் விலை ஏறுவதற்கு முன் போட்ட கணக்கு. “ப்ரீபில்ட்டில் அப்புறம் எதையும் மாத்த முடியாது” என்பதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. சில பெரிய பிராண்டுகளில் மதர்போர்டும் எஸ்எம்பிஎஸ்ஸும் தனி அளவு, வெளியில் வாங்கியது பொருந்தாது, உண்மை. எல்லாவற்றிலும் அப்படியா?

எங்கள் அக்கா உசிலம்பட்டியில் இருக்கிறாள். மகனுக்கு நகரத்தில் ஒரு கடையில் அசெம்பிள் செய்து வாங்கினாள். மே மாதம் நின்றுபோனது. சிபியு பெட்டியைப் பழைய போர்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு பெரியார் நிலையம் வந்தாள். கடையில், “மதர்போர்டுக்கு வேற சர்வீஸ் சென்டர், எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வேற, நீங்கதான் பார்க்கணும்” என்றார்கள். எந்தப் பாகம் போனது என்று தெரியாமல் அவள் எங்கே போவாள்? ஒரே வாரண்டி, ஒரே பில் என்பதற்குக் கொஞ்சம் கூடுதல் காசு கொடுப்பவர்களுக்குக் காரணம் இருக்கிறது. பக்கத்திலேயே தெரிந்த கடையும் தெரிந்த நண்பனும் இருப்பவர்களுக்கு அது புரியாது.

“கடைக்காரனுக்கு வக்காலத்தா?” என்று ஒருவர் எனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறார். எந்தக் கடையும் எனக்குச் சல்லிக்காசு தரவில்லை. இத்தனை வருஷமாக ராத்திரி எந்நேரம் போன் செய்தாலும் எடுத்துப் பேசியிருக்கிறேன், உங்களில் பலருக்கும்தான். என்னைப் பார்த்து இப்படிக் கேட்டது வலிக்கிறது.

அந்தத் தம்பி குரூப்பை விட்டே போய்விட்டான். அப்பா சீட்டு எடுத்து வாங்கிக் கொடுத்த பிசி அது. பெட்டி வந்த அன்றைக்கே அவர் முன்னால் போனை மறைத்து வைக்க வேண்டியதாகிவிட்டது என்று என்னிடம் சொன்னான். அவனைத் திரும்பச் சேர்க்க அட்மினிடம் கேட்டிருக்கிறேன். கிண்டல் செய்தவர்கள் அவனுக்கு நேரடியாக ஒரு வார்த்தை எழுதுங்கள். அதைச் செய்ய முடியாதவர்கள் இனி “எந்த பிசி வாங்கலாம்ண்ணே” என்று என்னைக் கூப்பிட வேண்டாம்.