தாடை முடியும் தை முகூர்த்தமும்

ஐப்பசி பிறந்தால் போதும், லேசர் விளம்பரங்களும் வரத் தொடங்கிவிடுகின்றன. தை முகூர்த்தச் சலுகை, மணப்பெண் பேக்கேஜ், ஆறே சிட்டிங்கில் முகத்து முடி நிரந்தரமாக நீங்கும், மாதத் தவணை வசதி உண்டு. படத்தில் சிரிக்கும் பெண்ணுக்கு முன்பும் தாடையில் முடி இருந்திருக்காது. அவள் நிறமும் நம் நிறம் அல்ல. அந்த இரண்டாவது விஷயம் எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நான் லேசருக்கு எதிரி இல்லை. இதை முதலிலேயே சொல்லாவிட்டால், "இயற்கையாக இருப்பதே அழகு" என்று கருத்துப் பெட்டியில் உபதேசம் செய்யச் சிலர் கிளம்பிவிடுவார்கள். பெரும்பாலும் ஆண்கள். தினமும் காலையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு ட்வீசரால் தாடையைப் பிடுங்கும் வேலை அவர்களுக்கு இல்லை. எனக்கு இருந்தது. பிடுங்கிய இடமெல்லாம் கரும்புள்ளி. சில முடி தோலுக்குள்ளேயே சுருண்டு வீங்கும். 2024இல் உத்தரப்பிரதேசத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வில் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாணவியின் படம் வந்தபோது, அவள் வாங்கிய 98.5 சதவீதத்தை விட்டுவிட்டு உதட்டுக்கு மேல் இருந்த முடியைப் பற்றித்தான் நாடே பேசியது. பத்தாம் வகுப்புப் பிள்ளை. அவளுக்கு ஆதரவு என்ற பெயரில் ஒரு சவரப் பொருள் நிறுவனம் விளம்பரம் வேறு கொடுத்தது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு பெண் முடியை எடுக்க நினைத்தால் அது அவள் விருப்பம். அதில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

என் கோபம் வேறு இடத்தில். எங்கள் சித்தி மகளுக்குத் திருமணம் நிச்சயமானதும் ஒரு லேசர் மையத்துக்கு அழைத்துப் போனார்கள். நானும் உடன் போனேன். திருமணத் தேதி என்ன என்று கேட்டார்கள். மொத்தமாகக் கட்டுகிறீர்களா, தவணையா என்று கேட்டார்கள். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வரும். கழுத்தின் பின்புறம் கறுத்திருக்கும். அதை அழுக்கு என்று நினைத்து அத்தனை வருடமும் சித்தி பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

கழுத்துக் கறுப்பு, தள்ளிப்போகும் மாதவிடாய், தாடையில் தடித்த முடி மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு மருத்துவருக்குச் சந்தேகம் எழ வேண்டும். நாம் நீர்க்கட்டி என்று சொல்லும் பிசிஓஎஸ் என்ற ஹார்மோன் கோளாறு. 2003இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் கூடிய நிபுணர்கள் வகுத்த அளவுகோல் இன்றும் அடிப்படையாக இருக்கிறது: கருமுட்டை ஒழுங்காக வெளிவராமை, ஆண்பால் ஹார்மோன் மிகுதி, ஸ்கேனில் சினைப்பையின் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்தால், அதேபோன்ற வேறு நோய்கள் இல்லை என்று உறுதிசெய்த பிறகு, அது பிசிஓஎஸ். ஆகவே "ஸ்கேனில் கட்டி இல்லை, அதனால் ஒன்றுமில்லை" என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது. இந்தப் பெண்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். தைராய்டு, புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன் போன்ற சில ரத்தப் பரிசோதனைகள் போதும், பாதி படம் தெளிந்துவிடும். சில மாதங்களுக்குள் முடி மளமளவென்று வளர்ந்து, குரலும் கரகரத்தால் அது இன்னும் அவசரம். சினைப்பையிலோ அட்ரீனல் சுரப்பியிலோ கட்டி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். இவை எதுவும் இல்லாமல் பரம்பரையாகவே முடி அடர்ந்த குடும்பங்களும் உண்டு. அவர்கள் தாராளமாக நேரே லேசருக்குப் போகலாம்.

ஹார்மோனைக் கவனிக்காமல் லேசர் செய்தால் என்ன ஆகும்? லேசர் அழிப்பது இன்று இருக்கும் தடித்த முடியின் வேரை. பக்கத்தில் இருக்கும் பூனை முடியை ஹார்மோன் நாளை தடித்த முடியாக மாற்றும். அதற்கு அடுத்ததை மறுநாள். பேக்கேஜ் தீர்ந்து அடுத்த வருடமே தாடை பழையபடி ஆகும்போது, "உங்கள் உடம்பு அப்படி" என்பார்கள். முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய செய்தி அது. ஹார்மோனைக் கட்டுப்படுத்த மாத்திரைகள் இருக்கின்றன: கருத்தடை மாத்திரை, ஸ்பைரனோலாக்டோன் போன்றவை. மருத்துவர் பார்வையில்தான் எடுக்க வேண்டும். குழந்தைக்கு முயலும்போது எடுக்கக் கூடாது. முடியில் பலன் தெரியவே ஆறு மாதம் ஆகும். முகூர்த்தத் தேதிக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது என்பதால்தான் யாரும் இதைப் பேசுவதில்லை என்பது என் சந்தேகம்.

இப்போது நிறத்துக்கு வருகிறேன். 1983இல் ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் சொன்ன தத்துவம்தான் இந்தச் சிகிச்சையின் அடிப்படை. சரியான அலைநீளத்தில் ஒளியை ஒரு நொடியின் மிகச் சிறு பகுதி நேரம் மட்டும் பாய்ச்சினால், சுற்றியிருக்கும் தோலை விட்டுவிட்டுக் குறிப்பிட்ட நிறமியை மட்டும் சூடாக்கலாம். முடியில் அந்த நிறமி மெலனின். வெள்ளைத் தோலில் கறுப்பு முடி என்றால் வேலை எளிது. நமக்கோ தோலிலேயே மெலனின் நிறைய. கருவிக்கு முடியும் தோலும் ஒன்றுபோலத் தெரியும். 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசரை அளவு தெரியாமல் கறுத்த தோலில் பயன்படுத்தினால் தீப்புண், அது ஆறியபின் மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டு. 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரைத் தோலின் மெலனின் குறைவாக உறிஞ்சும், அது ஆழமாகவும் இறங்கும். கறுத்த தோலுக்கு அதுவே பாதுகாப்பானது. டயோடு லேசரும் தெரிந்தவர் கையில் சரி. ஐபிஎல் எனப்படும் ஒளித்துடிப்புக் கருவி லேசரே இல்லை, ஆனால் பல இடங்களில் லேசர் என்ற பெயரில்தான் விற்கிறார்கள். எந்தக் கருவி, யார் இயக்குவார்கள், ஒரு சிறிய இடத்தில் முன்சோதனை செய்வீர்களா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

விளம்பரத்தில் வராத இன்னொன்றும் உண்டு. சிலருக்கு லேசர் செய்தபின் முடி கூடுகிறது. குறிப்பாகத் தாடை ஓரத்திலும் கழுத்திலும், நம்மைப் போன்ற நிறமுள்ள, ஹார்மோன் கோளாறு உள்ள பெண்களுக்கு. மருத்துவ இதழ்களில் பதிவான விஷயம் இது. கையெழுத்து வாங்கும் காகிதத்தில் பொடி எழுத்தில் இருக்கும், வாயால் சொல்ல மாட்டார்கள். கன்னத்துப் பூனை முடிக்கெல்லாம் லேசர் வேண்டாம் என்று நல்ல மருத்துவர்கள் தடுப்பது இதனால்தான். "நிரந்தரம்" என்பதும் அப்படியே. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் லேசருக்கு அனுமதித்திருப்பது முடி நீண்டகாலம் குறைந்திருக்கும் என்ற உரிமைகோரலை மட்டுமே. அடியோடு ஒழியும் என்று சொல்ல அனுமதி இல்லை.

அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. மாதவிடாய் நின்றபின் தாடையில் முளைக்கும் நரைமுடிக்கு லேசர் வேலை செய்யாது. அதில் மெலனின் இல்லை. அதற்கு மின்னாற்பகுப்பு முறை இருக்கிறது, ஒவ்வொரு வேராக ஊசி நுழைத்து மின்சாரத்தால் அழிப்பது. சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர் கண்ணுக்குள் குத்தும் இமை முடிக்காக 1875இல் எழுதி வெளியிட்ட பழைய முறை. பொறுமை வேண்டும், ஆனால் முடியின் நிறம் அதற்குப் பொருட்டில்லை.

சரி, உள்பெட்டியில் வழக்கமாக வரும் கேள்வி: "தையில் கல்யாணம், இப்போது ஆரம்பிக்கலாமா?" முகத்துக்கு ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நான்கிலிருந்து ஆறு வாரம் இடைவெளி வேண்டும், ஏனென்றால் வளரும் பருவத்தில் இருக்கும் முடியை மட்டுமே லேசர் பிடிக்கும். ஐப்பசியில் தொடங்கினால் தைக்குள் இரண்டு, மூன்று சிட்டிங் முடியும். முழுப் பலனுக்கு அது போதாது. கருந்திட்டு விழுந்தால் மறையவும் நேரமில்லை. முதலில் மகப்பேறு மருத்துவரையோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையோ பாருங்கள், லேசரைத் திருமணத்துக்குப் பிறகு நிதானமாகச் செய்யலாம். அதுவரை? த்ரெட்டிங் செய்யலாம், அல்லது சவரமே செய்துகொள்ளலாம். சவரம் செய்தால் முடி தடித்து வளரும் என்பது கட்டுக்கதை. 1928இலேயே மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க உடற்கூறியல் ஆய்வாளர் அதைச் சோதித்துப் பார்த்து, அப்படி ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டார். லேசருக்கு முன்னால் செய்யச் சொல்வதும் சவரம்தான். பெண் சவரம் செய்வதா என்று சித்தி அதிர்ந்தார். முகூர்த்தத்தன்று காலையில் மாப்பிள்ளையும் அதைத்தான் செய்துகொண்டு வருவார் என்றேன்.