ரெக்கார்ட் என்று மட்டும் சொன்னால் போதாது

record என்ற ஆங்கிலச் சொல்லை ‘ரெக்கார்ட்’ என்று உச்சரிப்பதே எப்போதும் சரி என்கிறது ஒரு கட்டுரை. பாதிதான் சரி. பதிவேடு, சாதனை என்று பெயர்ச்சொல்லாக வரும்போது அழுத்தம் முதல் அசையில் விழும்: ரெக்-கர்ட். அமெரிக்கர்கள் பின் அசையை நம் குற்றியலுகரம் மாதிரி தேய்த்துவிடுவார்கள். ‘பதிவு செய்’ என்று வினையாக வந்தால் அழுத்தம் பின்னால் போய் ரி-கோர்ட் ஆகும்.

அழுத்தம் என்றால் கத்துவதல்ல. அந்த அசையைச் சற்று நீட்டி, குரலை உயர்த்தி, மற்ற அசையின் உயிரெழுத்தைச் சுருக்க வேண்டும். நாம் தடுமாறுவது இந்தச் சுருக்குவதில்தான். தமிழில் எல்லா அசையையும் ஏறக்குறைய ஒரே கனத்தில் சொல்லிப் பழகியிருக்கிறோம், அழுத்தம் இடம் மாறினாலும் பொருள் மாறாது.

ஆங்கிலத்தில் மாறும். கான்டென்ட் என்று முன்னால் அழுத்தினால் உள்ளடக்கம். கன்-டென்ட் என்று பின்னால் அழுத்தினால் மனநிறைவு. ரெஃப்யூஸ் குப்பை, ரி-ஃப்யூஸ் மறுப்பது. இந்தக் கடைசிச் சொல்லில் இன்னொரு நுணுக்கமும் உண்டு: குப்பைக்கு இறுதி ‘ஸ்’ வெறும் காற்று, மறுப்புக்குத் தொண்டை அதிரும். விரலைத் தொண்டையில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

பெரும்பாலான அகராதிகளில் உச்சரிப்புக் குறிப்பின் மேற்பக்கம் ஒரு சிறு செங்குத்துக் கோடு இருக்கும். அதற்கு அடுத்து வரும் அசைதான் அழுத்த வேண்டியது. பலர் முந்தைய அசை என்று நினைத்துத் தலைகீழாகப் படிக்கிறார்கள்.

ஆனால் பெயரென்றால் முன் அசை, வினையென்றால் பின் அசை என்பதை எல்லாச் சொல்லுக்கும் நீட்டாதீர்கள். ரிப்போர்ட், கன்ட்ரோல் இரண்டும் பெயரானாலும் வினையானாலும் பின் அசை அழுத்தம்தான். விசிட், ஆன்சர், ப்ராமிஸ் எப்போதும் முன் அசை.