புட்டியின் நிறத்தைப் பார்த்து ரம் வாங்குகிறவர்களுக்கு

டார்க் ரம்மில் என்ன காக்டெயில் கலக்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எந்த ஊர் ரம்? பெரும்பாலும் பதில் வராது. புட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார்கள். அந்த நிறத்தின் மீது எனக்கு நெடுநாளாக எரிச்சல், அதைத்தான் இங்கே கொட்டப் போகிறேன். (குடிக்காதவர்களைக் குடிக்க அழைக்கும் பதிவு அல்ல. அவர்கள் நிம்மதியாகக் கடந்து போகலாம்.)

ஓக் பீப்பாயில் கிடந்தால் ரம்முக்கு நிறம் ஏறும், உண்மை. ஆனால் அது தேன் நிறம், மிஞ்சினால் செம்பழுப்பு. கடையில் பார்க்கும் மையிருட்டில் பெரும்பங்கு, சர்க்கரையைக் கருக்கிச் செய்த கேரமல் சாயத்தின் வேலை. பீப்பாயை அதிகம் பார்க்காத ரம்மையும் அப்படிக் கன்னங்கரேலென்று ஆக்கிவிடலாம். மறுபுறம், பக்கார்டியின் வெள்ளை ரம் பீப்பாயில் இருந்துவிட்டு வந்ததுதான். கரியில் வடிகட்டி நிறத்தை எடுத்துவிடுகிறார்கள். கறுப்பாக இருப்பதால் பழையது, பழையது என்பதால் உயர்ந்தது என்று நம் ஆட்கள் போடும் கணக்கு முதல் வரியிலேயே தப்பு.

ருசியைத் தீர்மானிப்பவை வேறு. கரும்பாலைக் கழிவுப்பாகு எத்தனை நாள் புளித்தது, எந்தக் கலத்தில் வடித்தார்கள், எங்கே முதிர்ந்தது என்பவை. ஜமைக்காவில், குறிப்பாக ஹாம்ப்டன் போன்ற பழைய ஆலைகளில், வாரக்கணக்கில் புளிக்கவிடுவார்கள். முந்தைய வடிப்பில் கலத்தில் எஞ்சியதையும் அதில் சேர்ப்பார்கள். அங்கே அதற்கு டண்டர் என்று பெயர். அந்த நீண்ட புளிப்பில் உருவாகும் எஸ்டர்கள் என்ற வாசனைச் சேர்மங்களால்தான் அளவுக்கு மீறிக் கனிந்த வாழைப்பழமும் அன்னாசியும் சேர்ந்த அந்த முரட்டு வாசனை வருகிறது. முதல்முறை முகர்பவர் முகம் சுளிப்பார். ஆனால் புளிப்பும் இனிப்பும் கசப்பும் கலந்த கோப்பையில் ரம் இருக்கிறது என்று நமக்குத் தெரியவைப்பதே அந்த முரட்டுத்தனம்தான்.

தென் அமெரிக்காவில் உள்ள கயானாவின் டெமராரா ரம் வேறு சாதி. கருகிய வெல்லம், அதிமதுரம், நனைந்த மரம். டயமண்ட் ஆலையில் மரத்தாலான வடிகலன்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் போர்ட் மோரன்ட், அது முதலில் இருந்த கரும்புத் தோட்டத்தின் பெயர். பிரிட்டிஷ் கடற்படை தன் மாலுமிகளுக்குத் தினமும் படியளந்த ரம்மில் டெமராராவுக்குப் பெரிய பங்கு இருந்தது. 1970 ஜூலை 31 அன்று அந்தப் படியளப்பு நின்றது. நமக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. போர்ட் மோரன்ட் தோட்டம் இருந்த கயானாவின் பெர்பீஸ் பகுதிக்கு 19ஆம் நூற்றாண்டில் சென்னையிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளும் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே அவர்களுக்கு மதராசிகள் என்றே பெயர். அவர்கள் வழிவந்தவர்கள் இன்றும் மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள். அவர்கள் வெட்டிய கரும்பின் பாகும் அந்த மர வடிகலனில் கொதித்திருக்கும். இதையெல்லாம் 'டார்க்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் கோபம் வராதா?

அமெரிக்க மதுக்கூடக்காரர் விக்டர் பெர்ஜெரான் 1944இல் ஓக்லண்டில் மை டாய் என்ற காக்டெயிலைக் கலந்தபோது எடுத்தது 17 ஆண்டு முதிர்ந்த ஜமைக்கா ரம். எலுமிச்சை, குராசாவ் என்ற ஆரஞ்சு மது, பாதாம் பாகு, கொஞ்சம் சர்க்கரைப் பாகு, அவ்வளவுதான். அன்னாசிச் சாறு பிறகு ஹவாயில் வந்து ஒட்டிக்கொண்டது. இப்போது பல ஹோட்டல்களில் டம்ளர் நிறைய டப்பா ஜூஸ், அதன் மேல் அழகுக்குக் கொஞ்சம் கறுப்பு ரம்மை மிதக்கவிடுகிறார்கள். முதல் வாய் முழுக்கச் சாராயம், மீதி முழுக்க ஜூஸ். கலக்கவே இல்லாததற்குக் காக்டெயில் என்று எதற்குப் பெயர்?

எனக்கு மிகவும் பிடித்தது கோலாலம்பூரில் பிறந்த ஜங்கிள் பேர்ட் என்ற காக்டெயில். 1970களில் அங்கிருந்த ஹில்டன் ஹோட்டலின் ஏவியரி பாரில் உருவானது. ஜெஃப்ரி ஓங் என்பவரின் கைவண்ணம். இன்று வழங்கும் அளவு ஏறத்தாழ இப்படி: ரம் 45 மி.லி., காம்பாரி (கசப்பான சிவப்பு இத்தாலிய மது) 22, அன்னாசிச் சாறு 45, எலுமிச்சைச் சாறு 15, சர்க்கரைப் பாகு 15. ஐஸ் போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். காம்பாரியின் கசப்புக்கு முன்னால் மெல்லிய ரம் காணாமல் போய்விடும். ஜமைக்கா ரம்மோ, கழிவுப்பாகின் கசப்பு தூக்கலான ரம்மோ ஊற்றினால் கசப்பும் கசப்பும் கைகோத்துக்கொள்கின்றன. அன்னாசி நடுவில் நின்று சமாதானம் செய்கிறது. ரம் எதற்கு என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் நான் குடித்ததில்லை.

ஓல்ட் மங்க் அன்பர்கள் சண்டைக்கு வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். 1954இல் வந்த அந்தக் குட்டைப் புட்டி மீது எனக்கும் பாசம் உண்டு. ஆனால் அதில் இருப்பது வனிலாவும் கேரமலும். கோலாவில் இருப்பதும் அவையேதான். இனிப்பின் மேல் இனிப்பைப் பூசினால் தொண்டையில் சுலபமாக இறங்கும், ருசி எதுவும் தங்காது. ஜங்கிள் பேர்டில் ஊற்றுவதென்றால் பாகைப் பாதியாகக் குறையுங்கள். காம்பாரி விலை கையைக் கடித்தால் விட்டுவிடுங்கள், வேறு ஏதாவது சிவப்பு சிரப்பை ஊற்றி அந்தப் பெயரைக் கெடுக்க வேண்டாம். இஞ்சியைத் தட்டிச் சாறு பிழிந்து, எலுமிச்சையும் சோடாவும் சேர்த்து ஓல்ட் மங்க் ஊற்றுங்கள். பெர்முடாவில் இதே சேர்மானத்தை இஞ்சி பீரில் செய்கிறார்கள்; அதன் பெயருக்கு ஒரு ரம் நிறுவனம் வணிகச் சின்னமே வாங்கி வைத்திருக்கிறது. நம் வீட்டு டம்ளரைத் தேடி வக்கீல் நோட்டீஸ் வராது.

இல்லை, கோலாதான் வேண்டும் என்பவர்கள் கீழே வந்து திட்டலாம். திட்டிவிட்டு அதில் அரை மூடி எலுமிச்சையாவது பிழியுங்கள்.