மாஸ்க் போட்டால் போலியா?

ஞாயிற்றுக்கிழமை நம் கொடைக்கானல் புகைப்படப் போட்டியில் நடந்ததை மீண்டும் விவரிக்கத் தேவையில்லை. இரண்டு படங்களைக் கணினியில் இணைத்து நான் உருவாக்கிய தூண் பாறைப் படத்தை "ஒட்டுவேலை" என்று மேடையிலேயே ஒதுக்கிய நடுவர், அடுத்ததாக ஒரு கைப்பேசி உருவப்படத்தை "இயற்கையானது" என்று பாராட்டிப் பரிசளித்தார். பரிசு கிடைக்காத ஆற்றாமையில் எழுதுகிறான் என்பவர்கள் அப்படியே வைத்துக்கொள்ளட்டும்.

விடியற்காலையில் தூண் பாறைக்கு எதிரே நின்று படம் எடுத்தவர்களுக்குத் தெரியும்: மூடுபனிக்கு ஏற்ப ஒளியை அளந்தால் பாறை கறுத்துவிடும், பாறைக்கு அளந்தால் பனி வெளுத்து ஒன்றுமே இல்லாமல் போய்விடும். அதனால் ட்ரைபாடை அசைக்காமல் பனிக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று என்று ஒளியளவை மாற்றி இரண்டு எக்ஸ்போஷர் எடுத்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக லேயர்களில் (அடுக்குகளில்) வைத்து, மேலே இருப்பதற்கு மாஸ்க் (எந்த இடம் தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று தீர்மானிக்கும் திரை) போட்டேன். மாஸ்க்கில் கறுப்பு பூசிய இடத்தில் மேல்படம் மறையும், வெள்ளை பூசிய இடத்தில் தெரியும், சாம்பல் பூசிய இடத்தில் இரண்டும் அந்தச் சாம்பலின் அளவுக்கேற்பக் கலக்கும். கறுப்பான 0 முதல் வெள்ளையான 255 வரையிலான அந்தப் படிகளில்தான் முழு வேலையும் இருக்கிறது. பாறையின் விளிம்பில் பிரஷ் கூர்மையாக இருக்க வேண்டும், பனி கரையும் இடத்தில் ஒபாசிட்டியை (பூச்சின் அடர்த்தியை) குறைத்துப் பொறுமையாகத் தடவ வேண்டும். அதே பாறை, அதே பனி, அதே காலை. இதில் எது போலி?

இது கணினி கொண்டுவந்த கெட்ட பழக்கமும் அல்ல. 1850களிலேயே பிரான்சின் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ் என்று இரண்டைச் சேர்த்து அச்சிட்டார்.

பரிசு பெற்ற படத்தை நான் குறை சொல்லவில்லை. அது நல்ல படம்தான். ஆனால் பின்னணி அழகாக மங்கியிருந்ததே, அதைச் செய்தது யார்? ஆள் எது, பின்னணி எது என்று கைப்பேசியே கணித்து, தானே ஒரு மாஸ்க் போட்டுப் பின்னணியை மங்கலாக்குகிறது. இயந்திரம் கேட்காமல் செய்தால் இயற்கை, மனிதன் கண் வலிக்கச் செய்தால் ஒட்டுவேலை. நல்ல நியாயம்!

மூஞ்சிக்கல்லில் உள்ள என் ஸ்டுடியோவுக்குப் பூம்பாறையிலிருந்து ஒரு பாட்டி வந்தார். மறைந்த கணவரின் மடிந்துபோன பாஸ்போர்ட் படத்தைக் கொடுத்து, பேத்தியின் கல்யாணப் படத்தில் தன் பக்கத்தில் அவரை நிறுத்தச் சொன்னார். நரைத்த முடியின் ஓரத்தில் பழைய பின்னணியின் நீலம் ஒட்டிக்கொண்டு வராமல் மாஸ்க்கைத் திருத்தவும், மண்டபத்து வெளிச்சம் வந்த பக்கமே அவர் முகத்திலும் வெளிச்சம் விழச் செய்யவும் இரவு வெகுநேரமாயிற்று. வாங்கிப் பார்த்த பாட்டி, "சட்டை மட்டும் இவ்வளவு வெளுப்பா போடமாட்டாரு தம்பி" என்றார். திருத்திக் கொடுத்தேன். என் வேலையைப் புரிந்துகொண்ட நடுவர் அவர்தான்.

செய்திப் படத்தில் இப்படிச் செய்யலாமா என்று கேட்பீர்கள். கூடாது, அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. நேஷனல் ஜியாகிரபிக் இதழ் 1982இல் அட்டைப் படத்துக்காகப் பிரமிடுகளை நெருக்கி வைத்து வாங்கிய கெட்ட பெயர் நியாயமானதே. ஆனால் நான் செய்திப் படம் அனுப்பவில்லை, விண்ணப்பப் படிவத்தில் இதற்குத் தடை என்று ஒரு வரியும் இல்லை.

பொய்யைத்தான் வெறுக்கிறோம் என்றால், நம் மலையில் குறிஞ்சி பெருமளவில் பூத்தது 2018இல், அடுத்த முறை 2030இல் என்று தெரிந்தும், மலை முழுக்க ஊதா அடித்த படத்தை "இப்போது கொடைக்கானலில்" என்று பகிர்ந்தவர்கள் யார்? அங்கே பொய் சொன்னது மாஸ்க் அல்ல, அதன்கீழ் எழுதிய வரி. 2030இல் நானும் குறிஞ்சியை எடுப்பேன். இரண்டு எக்ஸ்போஷரைச் சேர்த்து மாஸ்க் போட்டுத்தான் அச்சிடுவேன், படத்தின் கீழே அப்படியே எழுதியும் வைப்பேன்.