ஊர் விளைந்தது, எங்கள் வயல் விளையவில்லை

சில வருடங்களுக்கு முன் ஒரு தை மாதம். சம்பா கதிர் முற்றி அறுவடைக்கு நின்ற நேரத்தில் நான்கு நாள் விடாமல் மழை. எங்கள் வயல் ஊரின் தாழ்ந்த பக்கம், வடிகாலை ஒட்டி இருக்கிறது. மேட்டுப் பக்கத்து வயல்களில் தண்ணீர் இரண்டே நாளில் வடிந்தது. எங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் நின்றது. சாய்ந்த கதிர் தண்ணீரிலேயே முளைத்துவிட்டது. அறுத்த கூலிக்குக்கூடத் தேறவில்லை.

பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டியிருந்தோம். இழப்பீடு வரவில்லை. விசாரிக்கப் போன அப்பாவிடம் காப்பீட்டு அலுவலகத்தில் ஒருவர் சொன்னது: "உங்க கிராமத்துல மகசூல் நல்லாத்தானே இருக்கு ஐயா? அப்புறம் உங்களுக்கு மட்டும் எப்படி நஷ்டம் வரும்?"

அப்பா பதில் சொல்லாமல் வந்துவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகும் "அவர் கேட்டதும் சரியாத்தான் தெரியுது" என்றார். தன் வயலில் தன் கையால் முளைத்த நெல்லை அள்ளிய மனிதர் அப்படிச் சொன்னதை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்தக் கேள்வியில் என்ன தவறு என்று நான் யோசிக்கத் தொடங்கியது அன்றுதான்.

மொத்தத்தைப் பற்றிய ஓர் உண்மையை எடுத்து, அதன் ஒவ்வொரு பகுதிக்கும் அதுவே உண்மை என்று சொல்வதுதான் அந்தத் தவறு. அரிஸ்டாட்டில் காலத்திலேயே இதை அடையாளம் கண்டிருக்கிறார்கள். இது ஏமாற்றுவதற்குக் காரணம், பல இடங்களில் இதே வாதம் சரியாகவும் இருப்பதுதான். மூட்டை முழுவதும் பச்சரிசி என்றால் அதில் அள்ளிய ஒரு பிடியும் பச்சரிசிதான். ஆனால் மூட்டை 60 கிலோ என்றால் பிடி 60 கிலோ ஆகாது. வகை ஒவ்வொரு அரிசிக்கும் சொந்தம். எடை எல்லா அரிசியும் சேர்ந்தால் வருவது. சராசரியும் அப்படிச் சேர்ந்தால் மட்டும் வருகிற ஒன்று. ஊரின் சராசரி மகசூல் என்பது எந்த வயலிலும் விளைந்த நெல் கிடையாது.

இனி அந்தச் சராசரி எப்படி வருகிறது என்று பார்க்கலாம். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் 2016-ல் வந்தது. நெல்லுக்கு நம் மாநிலத்தில் பெரும்பாலும் வருவாய் கிராமம்தான் அலகு, அதாவது இழப்பைக் கணக்கிடும் எல்லை. அந்த அலகுக்குள் சில வயல்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு துண்டை அளந்து, அறுத்து, தூற்றி, எடை போடுகிறார்கள். பயிர் அறுவடைப் பரிசோதனை என்று அதற்குப் பெயர். கிராமத்துக்குக் குறைந்தது நான்கு இடம். அந்த எடைகளின் சராசரி, உத்தரவாத மகசூலுக்கு, அதாவது அந்த அலகுக்கு முன்கூட்டியே வகுத்து வைத்த அளவுக்கு, கீழே போனால் கிராமத்தில் பணம் கட்டிய எல்லாருக்கும் ஒரே விகிதத்தில் இழப்பீடு. மேலே இருந்தால் யாருக்கும் இல்லை.

ஆக இதில் இரண்டு தாவல் இருக்கிறது. நாலு துண்டு நிலத்திலிருந்து ஊருக்கு ஒன்று, ஊரிலிருந்து ஒவ்வொரு வயலுக்கும் இன்னொன்று. முதலாவதை ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிறோமே, அது பலிப்பது பானைக்குள் ஒரே தண்ணீர், ஒரே தீ என்பதால். ஊர் அப்படி இல்லை. மேடும் பள்ளமும், வாய்க்கால் தலைப்பும் கடைமடையும் ஒரே ஊருக்குள் இருக்கின்றன. மூன்று பரிசோதனை மேட்டில் நடந்து, ஏக்கருக்கு 2,300 கிலோ வீதம் வருகிறது, பள்ளத்தில் நடந்த நாலாவதில் 500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 1,850. உத்தரவாத மகசூல் 1,800 என்றால் அந்த ஊரில் யாருக்கும் இழப்பே இல்லை என்று கணக்கு முடிந்துவிடும். அந்த 500 கிலோ வயல் அதே தாளில்தான் இருக்கும். கூட்டி நாலால் வகுத்ததும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இந்த முறையே மோசடி என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு வயலையும் ஆள் வைத்துப் பார்ப்பது நடக்காத காரியம். சிறு நிலம் கோடிக்கணக்கில் இருக்கும் நாடு இது. இழப்பீடு எப்படியும் வரும் என்று யாராவது பயிரைக் கவனிக்காமல் விட்டால் அதைக் கண்டுபிடிக்கவும் முடியாது. இந்தக் காரணங்களால்தான் 1970-களில் பொருளாதார அறிஞர் வி.எம். தாண்டேகர் பரப்பு அடிப்படையிலான காப்பீட்டுக்காக, அதாவது தனி வயலைப் பார்க்காமல் ஒரு பகுதியின் சராசரியை வைத்துத் தரும் காப்பீட்டுக்காக, வாதாடினார். அது நியாயமான வாதம். "விதிப்படி ஊர்ச் சராசரிக்குத்தான் பணம், உங்கள் வயலுக்குத் தனியாகக் கிடைக்காது" என்று அந்த அலுவலகத்தில் சொல்லியிருந்தால் அப்பா வருத்தத்தோடு ஏற்றுக்கொண்டிருப்பார். பணம் தர விதி இல்லை என்பது வேறு, உனக்கு நஷ்டமே இல்லை என்பது வேறு. முதலாவது ஒப்பந்தம். இரண்டாவது பொய்.

ஊர்ச் சராசரி போதாது என்பது திட்டத்தை வகுத்தவர்களுக்கும் தெரியும். ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்றவற்றுக்குத் தனி வயலைப் பார்த்தே இழப்பு கணக்கிட இடம் உண்டு. வயல் மூழ்குவதும் முதலில் அந்தப் பட்டியலில் இருந்தது. 2018-ல் நெல்லுக்கு அதை எடுத்துவிட்டார்கள். 2026 காரிஃப் பருவத்திலிருந்து (தென்மேற்குப் பருவமழையோடு தொடங்கும் சாகுபடி) மறுபடி சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. எங்களைப் போன்ற பள்ளத்து வயல்காரர்கள் எத்தனை தை மாதம் காத்திருந்த அறிவிப்பு அது!

அந்த நாளுக்குப் பிறகு இதே தவறு எனக்கு எங்கும் கண்ணில் படுகிறது. கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் பாருங்கள். "நாக் ஏ பிளஸ் பிளஸ் காலேஜ், எந்த டிபார்ட்மென்டா இருந்தா என்ன" என்கிறார்கள். நாக் (NAAC) என்பது கல்லூரிகளை மதிப்பிடும் தேசிய அமைப்பு. அது தருவது முழு நிறுவனத்துக்கான தரம். பாடப்பிரிவு பாடப்பிரிவாகப் பார்த்து அங்கீகாரம் தருவது என்.பி.ஏ. (NBA) என்ற வேறோர் அமைப்பு. பிள்ளை படிக்கப் போவது ஒரு துறையில், அதைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். எழுத்தறிவும் அப்படித்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு 80 சதவீதம், தருமபுரி மாவட்டத்துக்கு 68 சதவீதத்துக்குச் சற்று மேல். மாநிலத்தின் எண்ணைக் காட்டி தருமபுரியில் ஒரு பள்ளியை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

நான் இப்போது செய்வது ஒன்றுதான். யாராவது மொத்தத்தைப் பற்றிப் பேசினால் அந்த வாக்கியத்தில் "ஒவ்வொரு" என்ற சொல்லைப் போட்டுப் பார்க்கிறேன். "கிராமத்தில் மகசூல் நன்றாக இருந்தது." சரி. "கிராமத்தில் ஒவ்வொரு வயலிலும் மகசூல் நன்றாக இருந்தது." இதை யார் பார்த்தார்கள்? அளந்தது நான்கு துண்டு நிலம்.

இந்த வருடம் எங்கள் ஊரில் அறுவடைப் பரிசோதனை நடக்கும்போது அப்பா கூடவே நிற்கப் போகிறார். எந்தெந்த வயல், மேடா பள்ளமா, ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்ளச் சொல்லி ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.