ஹேண்ட்பேக்ல கன், அதே ஹேண்ட்பேக்ல லைசன்ஸ்

எங்க ஹூஸ்டன் பக்கம் நம்ம ஆளுங்க கன் வாங்கறது இப்பல்லாம் ஆச்சரியமே இல்ல. கிரீன் கார்டு, வீடு, டெஸ்லா, அதுக்கடுத்து கன்னு வரிசை கட்டி வருது. க்ளாக் நல்லதா சிக் சாவர் நல்லதா, எத்தனை ரவுண்டு பிடிக்கும்னு பர்த்டே பார்ட்டியில பிரியாணித் தட்டோட நின்னு மணிக்கணக்கா பேசறாங்க. ஆனா அதை இடுப்புல சொருகிக்கிட்டு வண்டி ஓட்டறப்போ பின்னாடி சிவப்பு நீல லைட் சுத்துச்சுன்னா முதல் ரெண்டு நிமிஷம் என்ன செய்வீங்கன்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேரு முழிப்பாங்க. மீதிப் பேரு ரொம்ப தெளிவா தப்பா சொல்லுவாங்க.

போன வாரம் எங்க வாட்ஸப் குரூப்ல இதே சண்டை. ஒருத்தர் "கன் இருக்குன்னு போலீஸ்கிட்ட சொல்லவே கூடாது, சொன்னாத்தான் வம்பு"ங்கறார், இன்னொருத்தர் "நாம தப்பு பண்ணல, சொன்னதக் கேட்டு ஒழுங்கா நடந்துக்கிட்டா போலீஸ் ஒண்ணும் பண்ண மாட்டான்"ங்கறார். எனக்கு இந்த ரெண்டாவது ஆள் மேலதான் கோவம் அதிகம் வந்துச்சு, ஏன்னு கீழ சொல்றேன். நானும் லைசன்ஸ் எடுத்து கேரி பண்றவதான், நைட் ஷிஃப்ட் முடிச்சு தனியா வர்றவ, அதனால வெளிய நின்னு அட்வைஸ் பண்றேன்னு நினைக்காதீங்க.

அதுக்கு முன்னாடி ஹெச்1பி, ஹெச்4, எஃப்1 மக்களே, உங்களுக்கு ஒண்ணு. டெக்ஸஸ்ல 2021 செப்டம்பர் 1-லேர்ந்து 21 வயசு ஆயிட்டா லைசன்ஸே இல்லாம கேரி பண்ணலாம்னு யாரோ சொன்னதக் கேட்டு நீங்க கிளம்பிடாதீங்க. அது மாநிலச் சட்டம். அதுக்கு மேல ஃபெடரல் சட்டம்னு ஒண்ணு இருக்கு, நான்-இமிகிரண்ட் விசாவுல வந்தவங்க கன்னோ புல்லட்டோ கையில வச்சிருக்கவே கூடாதுங்குது அது. செல்லுபடியாகற ஹண்டிங் லைசன்ஸ் வச்சிருக்கறவங்க மாதிரி சில விதிவிலக்கு மட்டும் இருக்கு. மாட்டினா 15 வருஷம் வரைக்கும் தண்டனை, 2022-லதான் 10-லேர்ந்து ஏத்தினாங்க. "ஃப்ரெண்டோட கன்தான், ரேஞ்சுல சும்மா ரெண்டு சுட்டேன்"னு ஃபோட்டோ போடறவங்கள பாத்தா எனக்கு வயித்தைக் கலக்குது. கிரீன் கார்டு, சிட்டிசன் மட்டும் மேல படிங்க. சரி, எல்லாரும் படிங்க, ஆனா வாங்காதீங்க.

போலீஸ்கிட்ட சொல்லணுமாங்கறதுல டெக்ஸஸ் சட்டத்துல குழப்பமே இல்ல. எல்டிசி (லைசன்ஸ் டு கேரி, அதாவது கன் கேரி பண்ண டெக்ஸஸ் குடுக்கற லைசன்ஸ்) வச்சிருக்கறவங்க கன்னோட இருக்கும்போது போலீஸ் ஐடி கேட்டா டிரைவிங் லைசன்ஸோட சேர்த்து எல்டிசியையும் காட்டணும். காட்டலைன்னா தண்டனைன்னு முன்ன இருந்துச்சு, அதை 2009-ல எடுத்துட்டாங்க. அதான் நம்ம ஆளுங்க "அப்ப காட்ட வேண்டாமே"ன்னு கிளம்பிடறாங்க. யோசிச்சுப் பாருங்க, உங்க டிரைவிங் லைசன்ஸ கம்ப்யூட்டர்ல போட்டதுமே எல்டிசி இருக்குன்னு அவருக்கு ஸ்கிரீன்ல வந்துடும். நீங்க வாயைத் திறக்கலன்னா, இவ ஏன் மறைச்சாங்கற கேள்வியோடதான் திரும்பி உங்க ஜன்னல் பக்கம் வருவார். இருட்டுல, ஹைவே ஓரத்துல, அந்தக் கேள்வியோட ஒருத்தர் நடந்து வர்றது எனக்கு வேண்டாம்பா. அதனால நான் சொல்லிடற கட்சி.

ஆனா சொல்றதுல ஒரு வரிசை இருக்கு, அதுதான் யாரும் பேசாத விஷயம். முதல்ல கை, அப்புறம்தான் வாய். வண்டியை பத்திரமான இடத்துல ஓரங்கட்டி, இஞ்சின ஆஃப் பண்ணி, ராத்திரின்னா உள்ள லைட்டைப் போட்டு, ஜன்னல முழுசா இறக்கி, ரெண்டு கையையும் ஸ்டீயரிங் மேல விரல் விரிச்சு வச்சிட்டு சும்மா இருக்கணும். அவர் வர்றதுக்குள்ள பேப்பர எடுத்து வச்சிடலாம்னு க்ளோவ் பாக்ஸுக்குள்ள குனியறோம் பாருங்க, அது நமக்கு சுறுசுறுப்பு. பின்னாடி ஸ்பாட்லைட் போட்டுப் பாத்துட்டு இருக்கறவருக்கு அது ஒரு ஆளு சீட்டுக்கு அடியில எதையோ தேடறது, அவ்வளவுதான்.

அவர் வந்ததும் குட் ஈவினிங் சொல்லிட்டு, எங்கிட்ட கேரி லைசன்ஸ் இருக்கு, இப்ப கேரி பண்றேன், வலது இடுப்புல இருக்கு, நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க ஆபீஸர். இவ்வளவுதான் பேச்சு. முதல்ல லைசன்ஸ்ங்கற வார்த்தை வரணும். "ஐ ஹேவ் எ கன்"னு ஆரம்பிச்சா காத்து, லாரி சத்தம், நம்ம ஆக்சென்ட் எல்லாம் சேர்ந்து அவர் காதுல "கன்" மட்டும்தான் விழும். எங்க இருக்குன்னு வாயாலதான் சொல்லணும், கையைக் காட்டக் கூடாது, சட்டையத் தூக்கிக் காட்டவே கூடாது. இறங்கச் சொன்னா இறங்கணும், அதுல வாதம் பண்ண ஒண்ணுமில்ல. 1977-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு, டிரைவர இறங்கச் சொல்ல போலீசுக்கு உரிமை இருக்குன்னு. அந்த பென்சில்வேனியா கேஸே நம்பர் பிளேட் காலாவதி ஆன ஒரு வண்டிய நிறுத்தி, இறங்கினவர் கோட்டுக்கு அடியில ரிவால்வர் புடைச்சிட்டு இருந்ததைப் பாத்ததுலேர்ந்து வந்ததுதான். தன் பாதுகாப்புக்குத் தேவைன்னு பட்டா அந்த நேரத்துக்கு கன்ன வாங்கி வச்சுக்கவும் டெக்ஸஸ் போலீசுக்கு அதிகாரம் இருக்கு, தப்பு ஒண்ணும் இல்லன்னா போறப்போ திருப்பிக் குடுக்கணும். எடுக்கணும்னா அவரே எடுக்கட்டும். நான் எடுத்துத் தர்றேன் சார்னு உதவி பண்ணப் போகாதீங்க.

இப்ப தலைப்புக்கு வர்றேன். லேடீஸ், உங்க ஹேண்ட்பேக்க ஒரு தடவை திறந்து பாருங்க. கன் அதுலதான் இருக்கு, ஏன்னா லெக்கிங்ஸ்ல ஹோல்ஸ்டர், அதான் கன் உறை, நிக்காது, சுடிதார்ல சொல்லவே வேண்டாம். லைசன்ஸும் அதுலதான், இன்ஷூரன்ஸ் கார்டும் அதுலதான், போனும் அதுலதான். போலீஸ் "லைசன்ஸ் ப்ளீஸ்"ங்கறார், நீங்க பக்கத்து சீட்ல இருக்கற பையோட ஜிப்ப இழுத்து கையை உள்ள விட்டுத் துழாவறீங்க, லிப்ஸ்டிக், சாவி, தைலம், அதுக்கு நடுவுல அது. இதைவிட மோசமா ஒரு சீன வேணும்னே அமைக்க முடியாது. ஆம்பளைங்களும் சிரிக்காதீங்க, உங்களுக்கு வலது இடுப்புல ஹோல்ஸ்டர், வலது பின் பாக்கெட்ல பர்ஸ், ரெண்டுக்கும் நடுவுல நாலு விரல்கடை. பர்ஸ எடுக்கற கையும் கன்ன எடுக்கற கையும் வெளியிலேர்ந்து பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும். நான் லைசன்ஸ், எல்டிசி, இன்ஷூரன்ஸ் மூணையும் ஒரு சின்ன ஜிப் பவுச்ல போட்டு வண்டியில ஏறினதும் சன் வைசர்ல மாட்டிடுவேன். கன் பெல்லி பேண்டுல, அதாவது வயித்தச் சுத்திக் கட்டற பட்டையில, உடம்போட. பைக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது.

எல்டிசி வகுப்புல 3, 7, 15 கெஜ தூரத்துல 50 ரவுண்டு சுட வச்சு மார்க் போடறாங்க, 250-க்கு 175 எடுத்தா பாஸ். நல்லதுதான். ஆனா காருக்குள்ள உக்காந்து பெல்ட் போட்டுக்கிட்டு லைசன்ஸ எப்படி எடுத்து நீட்டறதுன்னு நான் போன வகுப்புல ஒரு தடவை கூட செஞ்சு பாக்க வைக்கல, ஸ்லைடுல ஒரு பக்கம் காட்டிட்டு தாண்டிட்டாங்க. வாழ்க்கையில ஒருத்தர நோக்கி சுடற நிலைமை நமக்கு பெரும்பாலும் வரவே வராது. டிராஃபிக் ஸ்டாப் கண்டிப்பா வரும். எதை அதிகம் பழகணும்?

எனக்கு நடந்ததயும் சொல்லிடறேன். ஐ-10ல காலம்பஸ் தாண்டி ஸ்பீடுக்கு நிறுத்தினாங்க, ஸ்டேட் ட்ரூப்பர், கவ்பாய் தொப்பியோட வலது பக்க, அதாவது பாசஞ்சர் பக்க, ஜன்னலுக்கு வந்தார். நான் இடது பக்கமே பாத்துட்டு இருந்தேன், கண்ணாடியத் தட்டினதும் திக்குன்னு ஆயிடுச்சு, ஆனா கை ஸ்டீயரிங்க விட்டு நகரல, அது மட்டும் பழக்கத்துல வந்துடுச்சு. சொல்ல வேண்டியதச் சொன்னேன். "ஓகே மேம், நீங்க உங்களோடத எடுக்காதீங்க, நானும் என்னோடத எடுக்கல"ன்னு சிரிச்சார். டெக்ஸஸ் போலீஸ் எல்லாரும் சொல்ற பழைய ஜோக்காம் அது, எனக்கு அன்னைக்குத் தெரியாது. வார்னிங் எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டார். இதை குரூப்ல சொன்னப்பதான் அந்த ரெண்டாவது ஆள், "பாத்தீங்களா, ஒழுங்கா இருந்தா ஒண்ணும் ஆகாது"ன்னு என்னையே சாட்சிக்குக் கூப்பிட்டார்.

அவருக்கு ஃபிலாண்டோ காஸ்டில் யாருன்னு தெரியல. 2016 ஜூலை 6, மினசோட்டால செயின்ட் பால் பக்கத்துல ஃபால்கன் ஹைட்ஸ். 32 வயசு, ஒரு மாண்டிசோரி பள்ளிக்கூடத்துல சாப்பாட்டுக் கூட சூப்பர்வைசர். எந்தக் குழந்தைக்கு எது அலர்ஜின்னு மனப்பாடமா வச்சிருப்பார்னு கூட வேலை பாத்தவங்க சொன்னாங்க. பர்மிட் வச்சிருந்தார். பிரேக் லைட் எரியலன்னு நிறுத்தினாங்க. இன்ஷூரன்ஸ் கார்ட நீட்டினார். அப்புறம் தானா, மரியாதையா, "சார், எங்கிட்ட துப்பாக்கி இருக்குன்னு உங்ககிட்ட சொல்லணும்"னார். மினசோட்டாவுல போலீஸ் கேட்டாத்தான் சொல்லணும், கேக்காமலே சொன்னார் மனுஷன். அதை எடுக்காதன்னு போலீஸ்காரர், நான் எடுக்கலன்னு இவர், சில செகண்டுக்குள்ள ஏழு குண்டு. பக்கத்துல அவர் கேர்ள்ஃப்ரெண்டு, பின் சீட்ல நாலு வயசுக் குழந்தை. அந்தப் பொண்ணுதான் அங்கேருந்தே ஃபேஸ்புக் லைவ் போட்டது. 2017 ஜூன்ல ஜூரி அந்த போலீஸ்காரர் குற்றவாளி இல்லன்னு விட்டுடுச்சு.

அவர் கறுப்பர்ங்கறத விட்டுட்டு இந்தக் கதையைப் பேச முடியாது. அதுக்கு முன்னாடியே பல வருஷமா டஜன் கணக்குல அவரை நிறுத்தியிருக்காங்க, எல்லாம் சின்னச் சின்ன டிராஃபிக் விஷயம். எனக்கு ஜோக்கு கிடைச்சது, அவருக்கு குண்டு கிடைச்சது, நான் அவரைவிட ஒழுங்கா நடந்துக்கிட்டதால இல்ல. அந்த ரெக்கார்டிங்க நீங்களே கேளுங்க, அவர் பேச்சுல என்ன குறை? மேல சொன்னதுல எல்லாத்தையும் செஞ்சாலும் ஆபத்து குறையுமே தவிர போயிடாது. அந்த மீதி ஆபத்த ஏத்துக்க முடிஞ்சாத்தான் கேரி பண்ணணும், முடியலன்னா கன்ன வீட்டு சேஃப்லயே வைங்க, வெக்கப்பட ஒண்ணுமில்ல. கன் உரிமைக்கு ஊரெல்லாம் குரல் குடுக்கற அமைப்புகள் இந்த மனுஷனுக்கு எவ்வளவு மெதுவா, எவ்வளவு சுருக்கமா பேசினாங்கன்னும் தேடிப் பாருங்க. அது தனிப் பதிவு.

சட்டமே சொல்லுன்னு சொல்லியும் சொல்ல விடாத கதையும் இருக்கு. 2011-ல ஓஹையோ கான்டன்ல, அப்ப அங்க உடனே சொல்லணும்னு சட்டம். டிரைவர் பர்மிட்ட கையில வச்சுக்கிட்டு சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் போலீஸ் வாயை மூடுன்னு அதட்டறார், கடைசியில கன் இருக்குன்னு தெரிஞ்சதும் உன்னைச் சுட்டிருக்கணும்ங்கற ரேஞ்சுல கத்தறார், எல்லாம் டேஷ்கேம்ல இருக்கு. அதுக்கப்புறம் டிரைவர் மேலயே ஏன் உடனே சொல்லலன்னு கேஸ்! பின்னாடி தள்ளுபடி ஆச்சு. ஓஹையோவுல 2022-லேர்ந்து கேட்டா சொன்னாப் போதும்னு மாத்திட்டாங்க.

ரோட் ட்ரிப் போறவங்க இதனாலதான் கவனமா இருக்கணும், மாநிலத்துக்கு மாநிலம் இது மாறும். நம்ம பக்கத்து லூசியானால கேரி பண்றவங்க போலீஸ் கிட்ட வந்ததுமே நாமளே சொல்லணும், மிச்சிகன்ல உடனே சொல்லலன்னா முதல் தடவையே 500 டாலர் அபராதம், லைசன்ஸ் ஆறு மாசம் சஸ்பெண்டு. கலிஃபோர்னியா நம்ம டெக்ஸஸ் எல்டிசிய மதிக்கவே மதிக்காது. 2013-ல ஃபிலடெல்ஃபியாவச் சேர்ந்த ஷனீன் ஆலன்னு ஒரு தனியா பிள்ளை வளக்கற அம்மா, பென்சில்வேனியா பர்மிட்டோட பாலம் தாண்டி நியூ ஜெர்சிக்குள்ள போயிட்டாங்க, டிராஃபிக் ஸ்டாப்ல நேர்மையா கன் இருக்குன்னு சொன்னாங்க. அங்க அந்தப் பர்மிட் செல்லாது. கைது, ஜெயில், மூணு வருஷத்துக்குக் குறையாத தண்டனை தலைக்கு மேல. ஊரே கத்தினப்புறம் 2014-ல ஜெயில் இல்லாத ஒரு திட்டத்துல சேத்தாங்க, 2015-ல கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பும் குடுத்தார். நமக்கெல்லாம் கவர்னர் வருவாரா? டல்லஸ்லேர்ந்து நியூ ஜெர்சிக்கு வண்டியிலயே மூவ் ஆகறவங்க எத்தனை பேரு இருக்கீங்க, கிளம்பறதுக்கு முன்னாடி வழியில வர்ற ஒவ்வொரு மாநிலத்தையும் பாத்துடுங்க. செல்லாத மாநிலத்த தாண்டணும்னா குண்டு இறக்கி, பூட்டுப் போட்ட பெட்டியில, டிக்கியில.

கடைசியா கூட வர்றவங்க. நீங்க பாட்டுக்கு சிலையா உக்காந்திருப்பீங்க, பக்கத்து சீட்ல இருக்கறவங்க பதறிப் போய் க்ளோவ் பாக்ஸத் திறப்பாங்க, இல்ல போன எடுப்பாங்க. கன் இருக்கற வண்டின்னு அவங்களுக்கும் தெரியணும், கையை மடியில வச்சிட்டு பேசாம இருக்கணும்னு முன்னாடியே சொல்லி வைக்கணும். அதைவிடப் பெரிய ரிஸ்க்கு ஊர்லேர்ந்து வந்திருக்கற அப்பா மாமனாருங்க. நம்ம ஊர்ல போலீஸ் கை காட்டினா வண்டிய ஓரங்கட்டிட்டு இறங்கி அவர்கிட்ட போய் "சார்"ங்கறதுதான் மரியாதை, உக்காந்தே இருந்தா திமிருன்னு நினைப்பாங்க. இங்க தலைகீழ். எங்க மாமனார்கிட்ட இதை ரெண்டு தடவை சொல்லிட்டேன், தலைய நல்லா ஆட்டினார், "சரிம்மா, நான் இறங்கல, ஆனா அவரு நம்ம பக்கம் வந்தா எந்திரிச்சாவது நிக்கலாம்ல?"ங்கறார். கார்ல போகும்போது அவர் பக்கக் கதவுக்கு சைல்டு லாக் போட்டுடறேன்.