சிறையைப் பெருப்பித்தால் மட்டும் போதாது

இலங்கையின் சிறை நெரிசலுக்குப் புதிய கட்டடங்கள்தான் வழி என்று ஒரு கட்டுரை படித்தேன், அதற்கான பதில் இது. சரி, கொழும்பின் வெலிக்கடை 1841இல் கட்டிய சிறை, இடம் தேவைதான். ஆனால் நாட்டின் சிறைகளில் இருப்போரில் பெரும்பாலானோர் தண்டனை பெற்றவர்கள் அல்லவே, விளக்கமறியலில், அதாவது வழக்கு முடியுமுன்னே அடைத்து வைக்கப்பட்டிருப்பவர்கள்.

ஒருநாள் காலை கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் நின்று பாருங்கள். போதைப்பொருள் வழக்கா, இரசாயனப் பகுப்பாய்வு அறிக்கை இன்னும் வரவில்லை. பாரதூரமான வழக்கா, அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான சட்டமா அதிபரின் ஆலோசனை கிடைக்கவில்லை. இன்னொரு 14 நாள் தவணை. சாப்பாட்டுப் பையோடு வந்த தாய், சிறைச்சாலை பஸ்ஸின் கம்பி வலைக்குள் மகனின் முகத்தைத் தேடுகிறாள். அவன் பொலிஸில் கொடுத்த வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அதில் என்ன இருக்கிறது என்று சட்டத்தரணி சொன்னால்தான் அவளுக்குத் தெரியும். தமிழ் பேசும் நம் ஆட்களுக்கு இது கூடுதல் பாரம், கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விலக்கு என்று 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டமே சொல்கிறது. சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை (வெளியில் இருந்தபடியே சமூக வேலை செய்யும் தண்டனை) வழங்க 1999இலிருந்து தனிச் சட்டமும் உண்டு. தண்டப்பணம் கட்ட வழியில்லாதவரை ஏன் உள்ளே போட வேண்டும்? 2020 நவம்பரில் மஹர சிறைக் கலவரத்தில் 11 கைதிகள் இறந்தார்கள். அங்கும் நெரிசல்தான், அதோடு கொரோனாப் பயம்.

பொலிஸ் ஓர் அமைச்சின் கீழ், சிறை வேறோர் அமைச்சின் கீழ், நீதிமன்றம் தனி; இவை சேர்ந்து இயங்காமல் நெரிசல் குறையாது. முதலில் பகுப்பாய்வு அறிக்கைக்கு ஒரு காலக்கெடு வையுங்கள், அப்புறம் கட்டடத்தைப் பற்றிப் பேசலாம்.